கேபினில் அடித்த குழம்பு வாசனை

ஜெகதாப்பட்டினத்தில் எந்த வீட்டில் என்ன குழம்பு என்பதைத் தெருவில் நடந்தபடியே சொல்லிவிடுவாள் அருணா. அந்த மூக்குக்கு இப்போது ஒரு வேலை வந்தது. பக்கத்து வீட்டுக் கோபிநாத் வாங்கிய பழைய விசைப்படகின் கேபினை எதைப் போட்டுக் கழுவினாலும் ஏதோ ஒரு வாசனை நிற்கிறதாம். கைக்குழந்தைக்கு மாமியாரைக் காவல் வைத்துவிட்டு, கரைக்கே போய்விட்டாள்.

"சோப்புத்தூள், எலுமிச்சை, சாம்பிராணி, எல்லாம் போட்டாச்சு மதினி. நேத்து மல்லியப்பூ வாசம். இன்னைக்கு என்னன்னு பாருங்க."

"என்னைய மோப்ப நாயாவே ஆக்கிட்டீங்களே கொழுந்தனாரே!" என்று சிரித்தபடி உள்ளே தலையை நீட்டினாள்.

கருவாட்டுக் குழம்பு. மாங்காய் போட்டு, லேசாக அடிப்பிடித்தது. சற்றுமுன் அவள் அடுப்பில் விட்டுவந்த அதே குழம்பு.

வீட்டுக்கு ஓடினாள். குழம்பு தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. வாசனையே இல்லை. மூக்கடைப்போ என்று காப்பித்தூளை முகர்ந்தாள். அது மணந்தது.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அருணா வாயை மூடியிருந்தது அந்தத் தெருவுக்கே புதுசு.

மறுநாள் காலை கோபிநாத் வாசலில் வந்து நின்றான். "நல்லாத் தேச்சுக் கழுவிட்டேன் மதினி. கொழம்பு வாசம் போயிருச்சு. இப்பப் பாலும் சுட்ட வசம்பும் மணக்குது. பச்சப்புள்ளயத் தூக்கி வச்சிருக்க மாதிரியே இருக்கு."

அருணா தொட்டிலிலிருந்து மகளை அள்ளி, உச்சந்தலையில் மூக்கை வைத்தாள். பிள்ளை கூச்சத்தில் கெக்கலித்துச் சிரித்தது. அவள் மறுபடியும் முகர்ந்தாள். பிள்ளை மறுபடியும் சிரித்தது.