டெர்மினலின் வருத்தம்

சுடர்விழி கணினியில் நிரல் எழுதுவது எடிட்டர் என்ற மென்பொருளில். எழுதியதை ஓட்டிப் பார்க்க, திரையில் பக்கத்து ஜன்னலில் இருந்த, கட்டளைகளை நிறைவேற்றும் டெர்மினலிடம் வந்து கட்டளை தட்டுவாள். நாலு நாளாக அவள் வரவேயில்லை. 'மறந்துட்டாளோ' என்று டெர்மினல் மனம் குமைந்தது.

அன்று எடிட்டரிலிருந்து, அதில் புதிதாய்ச் சேர்த்த ப்ளகின் என்ற துணை நிரல் ஒன்று ஓடிவந்தது. "அண்ணே, இந்தக் கட்டளையை ஓட்டித் தாங்க."

"ஏன், அவளால வர முடியாதாமா?"

"வலது கையில மாவுக்கட்டு. ஒத்தைக் கையால ஜன்னல் மாத்தி மாத்தித் தட்ட முடியல. அதான் என்னை வச்சிருக்காங்க. எடிட்டர்லயே ஒரு பட்டனை அமுக்கினா, நான் வந்து உங்ககிட்ட சொல்லிடுவேன்."

டெர்மினலின் கோபம் போன இடம் தெரியவில்லை. மளமளவென்று வேலையை முடித்து, விடையை ப்ளகினிடம் கொடுத்தது.

"அவ எழுதுற வரிக்குப் பக்கத்துலயே வை. தேட விட்டுடாதே."

"நீங்க செஞ்சதுன்னு சொல்லட்டுமாண்ணே?"

"அதெல்லாம் வேணாம். கை இப்ப எப்படியிருக்குன்னு மட்டும் பாத்துட்டு வந்து சொல்லு."