வெள்ளிக்கிழமை நித்திரை

அதிபர் எபநேசர் நித்திரையாகிவிட்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் என்றால் அப்படித்தான். முல்லைத்தீவுக் கடற்காற்று யன்னல் சீலையை ஊதி ஊதி விடும். கோட்டும் டையுமாகக் கதிரையில் சாய்ந்தபடியே அவர் கண்ணை மூடிவிடுவார். அந்த நேரம் மிஷன் கல்லூரி முழுவதும் கனவில் மிதக்கிறதுபோல இருக்கும். எங்கோ ஒரு வகுப்பில் வாய்ப்பாடு சொல்லும் சத்தம், தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோலக் கேட்கும்.

உப அதிபர் செல்வநாயகத்துக்கு மட்டும் பற்றிக்கொண்டு வரும்.

"ஓலைக் கொட்டிலா இருந்த பள்ளியைக் கல்லூரியாக்கினவர். அதை இல்லையெண்டு சொல்லேல்லை. எண்டாலும் அதிபர் எண்டால் முழிச்சிருக்கவேணும்."

"வயசு போட்டுதுதானே, சேர்," என்றார் விமலேஸ்வரி ரீச்சர்.

"திங்கக்கிழமை பின்னேரம் பிள்ளையளோட பந்தடிக்கேக்க அந்த வயசு எங்க போகுது?"



செல்வநாயகம் சொல்லியனுப்பித்தான் மிஷன் சபைச் செயலாளர் ஒரு வெள்ளிக்கிழமை வந்து இறங்கினார்.

"நீங்களே பாருங்கோ, ஐயா."

செயலாளர் அதிபரைக் கூப்பிட்டார். இருமினார். மேசையில் தட்டினார். எபநேசர் அசையவில்லை.

"எழும்பட்டும், பாப்பம்," என்று செயலாளர் கோபத்தோடு முன்கதிரையில் இருந்துவிட்டார். ஒரு மணிக்கு மணி அடித்த பிறகுதான் எபநேசர் கண்ணைத் திறந்தார்.

"உடம்புக்கு ஏதும் சுகமில்லையோ?"

"இல்லை ஐயா. நித்திரைதான்."

"எல்லா வெள்ளிக்கிழமையுமோ?"

"ஓம்."

ஒரு சாட்டும் சொல்லவில்லை. அந்தத் தவணையோடு அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

எபநேசர் பஸ் ஏறும்போது செல்வநாயகத்துக்கே ஒரு மாதிரியாக இருந்தது.

"மனதில வைச்சிருக்காதேங்கோ, சேர்."

எபநேசர் அவர் தோளைத் தட்டினார். "நல்லா நடத்துவீங்கள், தம்பி. வெள்ளிக்கிழமையில மட்டும் கனக்க நடந்து திரியாதேங்கோ. வெயில்."

புது அதிபரான செல்வநாயகத்துக்குச் செயலாளர் சபையின் சட்டத்தை வாயாலேயே சொன்னார்.

"பள்ளி நேரத்தில எங்கட ஜெபம் மட்டுந்தான். வேற தொழுகைக்கெண்டு ஒருத்தரும் கேற்றைத் தாண்டக்கூடாது. பிள்ளையெண்டால் பேர் வெட்டுப்படும், வாத்தியாரெண்டால் வேலை போகும். கண்ட உடன அதிபர் அறிவிக்கவேணும்."

"நான் கண் மூடமாட்டன், ஐயா."

முதல் வெள்ளிக்கிழமை வந்தது. செல்வநாயகம் சாயாமல், நிமிர்ந்து இருந்தார். அதே காற்று. அதே யன்னல் சீலை. தூரத்துப் பள்ளிவாசலின் பாங்கு, நித்திரையில் கேட்கும் குரல்போல மெல்ல வந்து கரைந்தது.

கதவடியில் நிழல் தட்டியது. கணக்குப் படிப்பிக்கிற ஹமீட் மாஸ்டர். அவருக்குப் பின்னால் விறாந்தையில் மேல்வகுப்புப் பிள்ளைகள் நாலைந்து பேர். எல்லாருடைய முகத்திலும் கையிலும் கழுவின ஈரம்.

"என்ன, மாஸ்டர்?"

ஹமீட் மாஸ்டர் தயங்கினார். வேலை போனாலும் போகும் என்கிற பயம் குரலில் தெரிந்தது.

"பழைய சேரிட்ட நாங்கள் ஒருநாளும் உத்தரவு கேட்டதில்லை. அவரும் தந்ததில்லை. யன்னலால பாப்பம். அவர் நித்திரையெண்டால் தொழப் போவம். நாங்கள் திரும்பி வந்து வகுப்பில இருந்தாப்பிறகுதான் அவர் முழிப்பார். செயலாளர் முன்னால இருந்த அண்டைக்கும் அப்பிடித்தான்."

செல்வநாயகம் வெறுமையாகக் கிடந்த முன்கதிரையைப் பார்த்தார்.

ஹமீட் மாஸ்டர் தலை குனிந்தபடி மெதுவாகக் கேட்டார்:

"சேர், நீங்கள் எத்தினை மணிக்கு நித்திரை கொள்ளுவீங்கள்?"