ஒரு கவர் மணல்

கடலை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் குன்னத்துகாலின் சிவந்த மண்ணைத் தோண்டி, என் தங்கை ஜெயபாயைக் குழிக்குள் இறக்கியிருந்தார்கள்.

போதகர் வேதப்புத்தகத்தை மூடினார். இனி ஆளுக்கு ஒரு பிடி மண்.

அப்போது அவள் கணவர் பொன்னுதாஸ் துணிக்கடைக் கவர் ஒன்றை என்னிடம் நீட்டினார். உள்ளே ஈர மணல்.

“அவ கடப்புறத்துக்காரியில்லியா மைனி. ஒரு பிடி கடல்மண்ணும் கூடக் கெடக்கட்டும்ணு தோணிச்சு. எங்க கரையில மண்ணு ஏது, பாறதான் கெடக்கு. இண்ணைக்குக் காலத்தே வந்து ஒங்க கரையில இருந்தாக்கும் அள்ளினேன். ஒங்களுக்க மண்ணு, நீங்களே முதல்ல போடுங்க.”

வாங்கினேன். கனத்தது.

என் ஊர் எல்லைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில். அவள் ஊர் அந்தப் பக்கம், கேரளாவில். கடற்கரை வழியாக நடந்தால், ஒரு பாட்டு பாடி முடிப்பதற்குள் அவள் வீடு வந்துவிடும்.

முன்பெல்லாம் கடல் எங்கள் வீடுகளுக்குள்தான் ஏறும். கடலுக்குள் நீட்டிக் கல் போடச் சொல்லி நாங்கள் பெண்கள் ரோட்டை மறித்தோம். ஆள் குறைகிறது என்று ஜெயபாயைக் கூப்பிட்டேன். எல்லை தாண்டி வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தாள். பஸ் டிரைவரிடம் அதிகம் சண்டை போட்டவளும் அவள்தான்.

கல் வந்தது.

அடுத்த மழைக்காலத்தில் கடல் எங்களை விட்டுவிட்டு அவர்கள் ஊருக்குள் ஏறியது. வடக்கே அவர்கள் கரைக்குப் போக வேண்டிய மணலை எங்கள் கல் பிடித்து வைத்துக்கொள்கிறது என்று இரண்டு ஊரிலும் பேசிக்கொண்டார்கள். அவர்கள் கரை கரைந்து, நடந்து போகிற வழியும் இல்லாமல் போனது. எங்கள் கரை அகன்றது. பிள்ளைகள் வலை கட்டிப் பந்து விளையாடினார்கள். சாயங்காலங்களில் நான் அங்கே நாற்காலி போட்டு உட்கார ஆரம்பித்தேன்.

முந்தாநாள் மதியம், காற்றே இல்லாத நேரத்தில், சொல்லாமல் பொங்கி வரும் கள்ளக்கடல் அவர்கள் ஊருக்குள் ஏறியது. அடுக்களைச் சுவர் ஜெயபாய் மேல் சரிந்தது.

“போடுங்க மைனி.”

கவருக்குள் விட்ட கை அங்கேயே நின்றது.

போன கிறிஸ்துமஸுக்கு வந்திருந்தாள். எங்கள் கரையில் செருப்பைக் கழற்றிவிட்டு வெகுநேரம் நடந்தாள். திரும்பிப் போக என் மகன் அனூப்பின் புது ஆட்டோவில் ஏறும்போது, காலில் ஒட்டிய மணலைத் தட்டச் சொன்னேன்.

“தட்ட மாட்டேன் எக்கா. இது எனக்க மண்ணாக்கும். வீட்டுக்குக் கொண்டு போறேன்.”

அனூப் சிரித்தான். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, வண்டி அழுக்காகும், தட்டிவிட்டு ஏறு என்று மறுபடியும் சொன்னேன்.

தட்டிவிட்டுத்தான் ஏறினாள்.