ஐந்து நிமிட அமைதி

"மீன் நாத்தத்தையா அண்ணே பதிவு பண்ணப் போறீங்க?"

ரொவேனா கேட்டதும் குழு மொத்தமும் சிரித்தது. ஒலிப்பதிவாளர் நெஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. கழுத்தில் தொங்கிய பதிவுப் பெட்டியைக் கைக்குழந்தையைத் தட்டுவது போலத் தட்டிக்கொண்டே, "அஞ்சே நிமிஷம்மா. எல்லாரும் இருந்த இடத்துலயே உக்காருங்க. நடந்தா செருப்புச் சத்தம் விழும்" என்றார்.

வியட்நாமின் ஃபூக்குவாக் தீவில், இரண்டாள் உயர மரப்பீப்பாய்களில் மீன்சாறு ஊறும் கொட்டகை அது. மணிலாவிலிருந்து ஆறு பேர் வந்திருந்தார்கள். 'டெலியாவின் அடுப்பங்கரை' என்ற அவர்களுடைய தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு இது பதினோராவது நாடு. விமானச் சீட்டு, விடுதி, சாப்பாடு, யாருக்கு வயிற்றுவலி, யார் பாஸ்போர்ட்டைத் தொலைத்தார்கள், எல்லாமே ரொவேனாவின் தலையில்தான்.

படப்பிடிப்பு முடிந்ததும் அந்த இடத்தின் வெறும் அமைதியைக் கொஞ்சம் பதிவு செய்துகொள்வது ஒலிப்பதிவாளர்களின் வழக்கம். பேச்சை வெட்டி ஒட்டும்போது இடைவெளியை நிரப்ப அது உதவும். ஊர் உலகத்தில் எல்லாருக்கும் ஒரு நிமிடம் போதும். நெஸ்டருக்கு மட்டும் லாவோஸில் மூன்று ஆனது, இங்கே ஐந்து.

"அண்ணன் அமைதியைச் சேத்து வச்சு வீட்டுக்குக் கொண்டு போறாரு. அண்ணி பேச ஆரம்பிச்சா எடுத்துப் போட்டுக் கேப்பாரு" என்றான் கேமராமேன் ரூடி.

ரொவேனாவுக்கு இந்த முறை சிரிப்பு வரவில்லை. அடுத்த நாட்டுக்கு ஐந்து பேர் போதும், நிறுத்த வேண்டிய ஆளின் பெயரை மதியத்துக்குள் அனுப்பு என்று தலைமை அலுவலகம் சொல்லியிருந்தது. நெஸ்டரின் பெயரைக் கைப்பேசியில் அடித்தே வைத்துவிட்டாள். அனுப்பத்தான் விரல் வரவில்லை. மனிதருக்கு ஐம்பத்தெட்டு வயது. இந்தக் குழுவை விட்டால் வேறு யார் சேர்த்துக்கொள்ளப் போகிறார்கள்?

"டெலியா அக்கா, நீங்களாவது சொல்லுங்களேன். அடுத்த இடத்துக்கு நேரமாகுது" என்றாள்.

டெலியா அப்போதுதான் பீப்பாய் ஏணியிலிருந்து இறங்கி வந்தாள். வயது அறுபத்தேழு. கேமராவுக்காகக் காலையிலிருந்து ஆறு தடவை ஏறி இறங்கியாயிற்று. ஆறு தடவையும் அதே சிரிப்பு.

"விடு ரொவேனா. அவன் வேலையை அவன் செய்யட்டும். நான் அந்தக் கடைசிப் பீப்பாய்ப் பக்கம் இருக்கேன்."

அவளை நினைத்தாலே ரொவேனாவுக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். கம்போடியாவில் யாரோ பாவம் பார்த்து நாற்காலி போட்டதற்கு, போட்டவரையே அதில் உட்கார வைத்து, நின்றபடி பேட்டி எடுத்தவள். "எனக்கு நாற்காலி போடுற அன்னைக்கு நிகழ்ச்சியை மூடிடுங்கப்பா" என்று எல்லார் முன்னாலும் சொன்னவள். அப்படி ஒரு பெண்பிள்ளை.

"பாருங்கண்ணே" என்றாள் நெஸ்டரிடம். "இந்த வயசுல அக்கா ஒரு நிமிஷம் ஓயாம ஓடுறாங்க. நீங்க நாட்டுக்கு நாடு எங்களை உக்கார வச்சுக்கிட்டு இருக்கீங்க. தொகுப்பு அறையிலயும் விசாரிச்சேன். இவ்வளவு தேவையே இல்லையாம்."

"தேவை இருக்கும்மா" என்றார் நெஸ்டர். கையை உயர்த்தினார்.

கொட்டகைக்காரி ஹான் அம்மாள் தண்ணீர் மோட்டாரை நிறுத்தினாள். அவளுடைய வேலையாட்கள் தரையில் குந்தினார்கள். ஒரு பீப்பாய்க் குழாயிலிருந்து சாறு சொட்டுவது மட்டும் கேட்டது.

ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். ரொவேனாவின் கைப்பேசி சத்தமில்லாமல் அதிர்ந்தது. 'பேர் எங்கே?'

அவளுக்குப் பொறுமை போய்விட்டது. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பூனைநடை நடந்தாள். அந்தப் பெட்டியில் அப்படி என்னதான் பதிவாகிறது என்று பார்த்துவிட வேண்டும். பார்த்த கையோடு பெயரை அனுப்பிவிட வேண்டும். அப்புறம் மனது உறுத்தாது.

நெஸ்டருக்குப் பின்னால் போய் எட்டிப் பார்த்தாள். பெட்டியில் ஒரு விளக்குகூட எரியவில்லை. மூடி திறந்து கிடந்தது. உள்ளே இருக்க வேண்டிய பேட்டரிகள் நான்கும் அவர் சட்டைப் பையில் இருந்தன. முதல் நிமிடத்திலேயே அவர் வேலை முடிந்துவிட்டது போலும்.

கோபத்தில் வாயைத் திறக்கப் போனாள். நெஸ்டர் திரும்பிப் பார்த்து, உதட்டில் விரலை வைத்து, கண்ணால் கடைசிப் பீப்பாயின் பின்பக்கத்தைக் காட்டினார்.

அங்கே, யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில், உப்பு மூட்டையின் மேல் டெலியா உட்கார்ந்திருந்தாள். கால்சட்டையை மேலே சுருட்டி, பப்பாளியாக வீங்கிப்போன முழங்கால்களில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். முனகல் வெளியே கேட்டுவிடாமல் இருக்கக் கழுத்துத் துண்டைப் பல்லில் கடித்திருந்தாள்.

ரொவேனா நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். கைப்பேசியில் இருந்த பெயரை அழித்தாள். 'ஆறு பேரும் வருகிறோம். ஒருவர் குறைந்தாலும் நிகழ்ச்சி நடக்காது' என்று அனுப்பினாள்.

ஐந்து நிமிடம் முடிந்தது. ரூடி சோம்பல் முறித்துக்கொண்டு எழுந்தான். கடைசிப் பீப்பாய்க்குப் பின்னாலிருந்து டெலியா இன்னும் வரவில்லை.

"யாரும் எழுந்திரிக்காதீங்க" என்றாள் ரொவேனா. "பதிவு சரியா விழலையாம். மறுபடியும் முதல்லேருந்து."