பக்கத்துக் கட்டில் மாத்திரை

பக்கத்துக் கட்டில் தையல்காரர் வார்டின் குளியலறைக் கதவைச் சாத்தியதும் அவள் எழுந்தாள். அவர் டப்பாவில் இருந்த ஒரு மாத மாத்திரையைக் கைக்குட்டையில் கொட்டி, கணவரின் மாத்திரையை அந்த டப்பாவில் போட்டாள். கைக்குட்டையில் இருந்தது கணவரின் டப்பாவுக்குப் போனது.

இரண்டும் ஒரே வெள்ளை, ஒரே வடிவம்.

மாரடைப்புக்குப் பிறகு இதயம் ஓய்ந்துபோனவர்களுக்கு ஒரு புது மருந்தாம், இதயத்தைத் தட்டி எழுப்புமாம். வார்டில் பாதிப் பேருக்கு அந்த மருந்து, மீதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது.

“எங்க வீட்டுக்காரருக்கு மருந்தையே குடுங்க டாக்டர், புண்ணியமாப் போகும்” என்று கெஞ்சிப் பார்த்திருந்தாள்.

“அது நல்லதா கெட்டதான்னு தெரியாமத்தாம்மா சோதிக்கிறோம்.”

படித்தவர்கள் இப்படித்தான் வழவழவென்று பேசுவார்கள். அவளுக்குக் கண் இருக்கிறதே! தையல்காரர் மாடிப்படி ஏறி இறங்குகிறார். பஸ் ஓட்டிய கணவரோ பல் தேய்ப்பதற்குள் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுகிறார். மருந்து யாருக்குப் போகிறது என்பதில் என்ன சந்தேகம்?

மாற்றிய வாரமே கணவர் எழுந்து நடந்தார்.

“என்னடி, இன்ஜினையே மாத்திட்டாங்களா? சும்மா திடுதிடுன்னு அடிக்குது!” என்று நெஞ்சைத் தொட்டுச் சிரித்தார்.

அவளும் சிரித்தாள். சுவரைப் பிடித்து நடந்த தையல்காரரை மட்டும் ஏறெடுத்துப் பார்க்க முடியவில்லை. பாவி, பாவி என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனாலும் மாத்திரையைத் திருப்பி வைக்க மனம் வரவில்லை.

ஒரு காலையில் ஜன்னலைத் திறக்கப் போன கணவர் அப்படியே சரிந்தார். ஓடி வந்தார்கள், நெஞ்சை அழுத்தினார்கள், ஊசி போட்டார்கள். அவளால் வராந்தாவில் நிற்கத்தான் முடிந்தது.

எல்லாம் முடிந்தபின் டாக்டர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“சோதனையையே நிறுத்தச் சொல்லிட்டாங்கம்மா. யாருக்கு எதுன்னு இன்னைக்குத்தான் பிரிச்சுப் பார்த்திருக்காங்க. அந்த மருந்து முதல்ல ஆளை நல்லா ஓட வைக்குது, அப்புறம் திடீர்னு சாய்ச்சிடுது.”

அவள் நிமிர்ந்தாள். டாக்டரின் கோட்டைப் பற்றி இழுத்தாள்.

தன்மேல் பழி சொல்ல வருகிறாள் என்று நினைத்து, டாக்டர் அவசரமாக அவள் கையைப் பிடித்தார்.

“நீங்க மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க. உங்க வீட்டுக்காரருக்கு நாங்க குடுத்தது வெறும் மாவு மாத்திரைதான்.”