பெரிய துண்டு

மண்சட்டியில், மிட்டாய்க்காக, புளிப்பான சிவப்பு ஷான்சா பழக்கூழ் கொதிக்கிறது. இரும்புச் சட்டி என்றால் கறுத்துப்போகும். குமிழி வெடிக்கும்போதெல்லாம் சுவரில் ஒரு சிவப்புப் பொட்டு விழுகிறது. அடுத்த சட்டிக்கான பழங்களை ஓரகத்தி சியாவ்லிங் மடியில் வைத்துக்கொண்டு, பேனா மூடியைக் குத்தித் திருகிக் கொட்டை எடுக்கிறாள். ஜன்னல் வெயிலில் அவள் விரல்நுனிகள் சிவந்து தெரிகின்றன. நான் அவற்றைப் பார்க்காமல் கிண்டுகிறேன். போன வருஷம் இதே பருவத்தில் அவளுக்கு மூன்று மாதம். பிள்ளைத்தாய்ச்சிக்கு ஷான்சா ஆகாது என்று மாமியார் ஷான்சா மிட்டாய்த் தட்டை அலமாரி உச்சியில் ஏற்றிவைத்திருந்தார். "ஒரே ஒரு துண்டு, அக்கா" என்று அவள் கெஞ்ச, நான்தான் ஸ்டூல் போட்டு எடுத்துக் கொடுத்தேன். பத்தாம் நாள் கரு கலைந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னார். நான் எடுத்துக் கொடுத்தது மாமியாருக்கு இன்றுவரை தெரியாது. நாங்களும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

"என்ன, ரெண்டு பேரும் ஊமையாயிட்டீங்க? சட்டி மட்டுந்தான் பேசுது!" வாசலில் மாமியார் சிரிக்கிறார். "நேத்து ஊத்துனது இறுகிருச்சான்னு வெட்டிப் பாரு."

கத்தியைத் தண்ணீரில் நனைத்து, சிவப்புப் பாளத்தின் ஓரத்தில் மெல்லிசாக ஒரு துண்டு வெட்டி சியாவ்லிங்கிடம் நீட்டுகிறேன். அவள் அந்தத் துண்டைப் பார்க்கிறாள், பிறகு என்னைப் பார்க்கிறாள்.

"பெருசாவே வெட்டுங்கக்கா. இந்த வருஷம்தான் எனக்கு ஒரு தடையும் இல்லையே."