ஓரப் பாத்தி

பேண்ட்டில் செம்மண் ஒட்டுவதைப் பற்றிக் கவலைப்படாமல் பரமசிவம் சார் அந்த ஓரப் பாத்தியின் முன் மண்டி போட்டார்.

சுற்றிலும் மற்ற பாத்திகளில் கம்பு கருகி நின்றது. இது மட்டும் பச்சை.

"சந்திரகலா, நிஜத்தைச் சொல்லும்மா. ஊர்க்காரங்க யாராவது குடம் குடமா ஊத்திட்டுப் போறாங்களா?"

"ஒரு சொட்டு பாய்ச்சலை சார். வாய்க்காலே வெட்டலை."

கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்திலிருந்து அவர் வந்ததே அவளுடைய இந்தச் சோதனை வயலுக்கு முடிவு சொல்லத்தான். வறட்சி தாங்கும் கம்பு ஒன்று தேறினால், வெள்ளாற்றுப் படுகையின் மானாவாரி நிலங்களுக்கென்று இங்கே நிரந்தரமாக ஓர் ஆராய்ச்சி நிலையம் வரும். ஆய்வுக்கூடம் வரும். ஆட்கள் வருவார்கள்.

தேறாவிட்டால் மழைமானியைப் பிடுங்கிக்கொண்டு அவளும் கிளம்ப வேண்டியதுதான்.

ஆட்கள் வருவார்கள். அதுதான் அவளுக்கு இனித்தது.

அவள் குடியிருக்கும் நெய்வேலியில் எல்லாருக்கும் சுரங்கத்தில் ஒரு ஷிப்ட் உண்டு, அவளைத் தவிர. பக்கத்து குவார்ட்டர்ஸ் தமயந்தி முதல் நாளே, "உங்க வீட்டுக்காரருக்கு எந்த ஷிப்ட்டுங்க?" என்று கேட்டாள். கல்யாணம் ஆகவில்லை என்றதும் அடுத்து என்ன கேட்பதென்று தெரியாமல் உள்ளே போய்விட்டாள். அவ்வளவுதான் அவர்கள் பழக்கம்.

களை எடுக்கும் வீரம்மாள்கூட வெயில் உச்சிக்கு வந்தால், "வூட்டுக்குப் போய் துன்னுட்டு வந்துடறம்மா" என்று நடையைக் கட்டிவிடுவாள்.

அப்புறம் முந்திரி மர நிழலும், டிபன் பாக்ஸும், தண்ணீர்க் கூஜாவும்தான் துணை.

எதிரே இந்தப் பாத்தி. இந்த ரகத்தில் கைப்பிடி விதைதான் கிடைத்ததால் ஓரமாக ஒதுக்கிய சின்னப் பாத்தி. சாப்பிடும்போது அதனோடு பேசக்கூட ஆரம்பித்திருந்தாள்.

"இங்கேயே சாப்பிட்டுடலாம்மா," என்றார் பரமசிவம். "ஓட்டல் சாம்பார் நேத்தே என்னோட சண்டை போட்டுடுச்சு."

அவள் சிரித்தாள். எலுமிச்சை சாதத்தைப் பாதி அவருக்கு வைத்தாள். இந்த ஊருக்கு வந்து இவ்வளவு நாளில் அவளோடு உட்கார்ந்து ஒருவர் சாப்பிட்டது இன்றுதான்.

முடித்ததும் அவர் கையை நீட்டினார். கூஜாவை எடுத்தாள்.

"இப்படி வாங்க சார்."

வாய் தானாகச் சொன்னது. கால் தானாக நடந்தது. திருச்செங்கோட்டுப் பக்கம் பயிர் செய்யும் வீட்டில் பிறந்தவள். கை கழுவும் தண்ணீரை வெறும் தரையில் விட அவளுக்கு வராது.

தண்ணீர் ஓரப் பாத்தியில் விழுந்தது. மண் சத்தமில்லாமல் குடித்தது.

கம்பின் தூரில் பல நாள் சோற்றுப் பருக்கைகள் காய்ந்து கிடந்தன.

அவள் கூஜாவை நிமிர்த்தினாள். அவருடைய கை பாதி ஈரத்தோடு நீண்டபடியே இருந்தது.

"என்னம்மா?"

அவர் எதையும் கவனிக்கவில்லை. பேசாமல் இருந்தால் போதும், ஆட்கள் வந்துவிடுவார்கள்.

படுகையில் யாரோ ஒருவன் இந்த விதையை நம்பி விதைப்பான். அவன் நிலத்தில் தினமும் தனியாக உட்கார்ந்து சாப்பிட ஒருத்தி இருக்க மாட்டாள்.

"இந்தப் பாத்தியை எழுதாதீங்க சார். தினம் நான் இங்கேதான் கை கழுவறேன்."

அவர் பாத்தியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மழைமானியை எடுக்க அடுத்த வாரம் ஆள் வரும் என்று மட்டும் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

மறுநாளும் வீரம்மாள் சாப்பிட வீட்டுக்குப் போனாள்.

சந்திரகலா டிபன் பாக்ஸை அலம்பினாள். இனி இந்தப் பாத்தி எந்தக் கணக்கிலும் இல்லை.

கூஜாவில் மிச்சமிருந்ததை முழுதாக அதன் காலடியில் கவிழ்த்தாள்.

"குடி," என்றாள்.